கோட்டுக்கும் காலுக்கும் நடுவே

டிவியின் முதுகைப் போட்டோ எடுத்துக்கொண்டு
பொதட்டூரிலிருந்து நகரிக்கு பஸ் ஏறினேன்.
மூன்று ஓட்டை: மஞ்சள், வெள்ளை, சிவப்பு.
அதற்கு மேல் ஒட்டடை.
துடைத்துவிட்டு எடுத்திருக்கலாம் என்றாள் மோகனவல்லி,
என்னவோ பெண்பார்க்க அனுப்புகிற மாதிரி.

பெஞ்சலய்யா கடையில் கறுப்பு பிளேயர் ஒன்று
தூசிக்குள் புதுசாக இருந்தது. மூவாயிரத்து இருநூறு.
அப்ஸ்கேலிங் என்று அட்டையில் பொன்னெழுத்து.
"பழைய தட்டு கூட பளிச்சுனு வரும் அன்னா,
கண்மை தீட்டினது வரைக்கும் தெரியும்."
அவர் பேச்சில் பாதி தெலுங்கு. அதில் பாதி எனக்குப் புரியும்,
மீதியை நானே போட்டுக்கொள்வேன்.
இருபது வருஷமாக இந்த ஊரில் அப்படித்தான்
நூல் வாங்குகிறேன், கடன் சொல்கிறேன்,
ஒருமுறை சண்டையும் போட்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது கண்மை இல்லை.
புத்தூர் கபடி மேட்ச், கடைசி ரெய்டு,
என் மகள் தாரிகா திரும்பி ஓடி வரும்போது
வலது கால் பக்கக்கோட்டைத் தொட்டதா இல்லையா.
தொட்டது என்றார் ரெஃப்ரி. ஒரு பாயிண்டில் போச்சு.
கோப்பை அவர்களுக்கு.
எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவும் இந்தத் தட்டும்.
எத்தனை முறை நிறுத்திப் பார்த்தாலும்
காலும் சுண்ணாம்பும் ஒரே கஞ்சி.

"எப்படித் தெளிவாகும்?" என்று கேட்டேன்.
"ரெண்டு புள்ளிக்கு நடுவுல மிஷின் ஒரு புள்ளி வைக்கும்."
"எங்கிருந்து எடுத்து?"
"பக்கத்துப் புள்ளியைப் பார்த்து."
"பார்த்து?"
"ஊஹிஞ்சி."

லுங்கி ஓட்டுகிறவனிடம் சொல்கிற பதிலா இது?
அங்குலத்துக்கு ஐம்பத்தாறு இழை அச்சில் கோத்தால்
துணி ஐம்பத்தாறுதான்.
கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கலாம்,
அறுபத்துநாலு என்று சீட்டு ஒட்டலாம்
(ஒட்டியிருக்கிறேன்),
முதல் துவையல் சொல்லிவிடும்.

அப்புறம்தான் போட்டோவைக் காட்டினேன்.
பெஞ்சலய்யா விரலால் பெரிதாக்கினார்.
ஒட்டடை பெரிதானது.
"எச்டிஎம்ஐ லேதே!"
அந்தத் தட்டை ஓட்டை இல்லாவிட்டால்
கூட்டி வைத்த புள்ளி வெளியே வராதாம்,
மஞ்சள் வயரில் பழைய படமேதானாம்.
வேண்டுமானால் நானூற்றைம்பதுக்கு ஒரு கன்வெர்ட்டர்:
பிளேயர் ஏற்றும், அது இறக்கும்.
"ஏத்துக்கூலி, இறக்குக்கூலி ரெண்டும் நானா?"
சிரித்துவிட்டார். மறைக்கத் தெரியாத மனுஷன்.
"உங்க தட்டுல எத்தனை வரியோ
அந்த டப்பாவுலயும் அத்தனை வரி. சரிக்குச் சரி. விடுங்க."

தொள்ளாயிரத்துக்குச் சாதா பிளேயர்.
ரிமோட் வேறு கம்பெனி.

ராத்திரி கால் விழும் இடத்தில் நிறுத்தினோம்.
நின்ற படம் நடுங்கியது.
தொடலை, என்றாள் மோகனவல்லி.
அடுத்த தறி ஏகாம்பரம் எழுந்து போய்
கண்ணாடியில் விரல் வைத்தார்:
தொட்டுடுச்சும்மா, சுண்ணாம்பு தெறிக்குது பாரு.
அது சுண்ணாம்பில்லை, தட்டில் கீறல்.

ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் முடிந்து தாரிகா போன் பண்ணினாள்.
ஸ்பீக்கரில் போட்டு அவளையே கேட்டோம்.
கொஞ்ச நேரம் கம்பெனி பஸ் சத்தம் மட்டும்.
"இன்னுமா அதைப் பாக்கறீங்க?"
பிறகு, சாப்பிட்டாச்சா என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்
நான் ஒரு புள்ளி வைத்தேன்.
அவள் அம்மா வேறொரு புள்ளி.