மேல்காற்றுப் பக்கம்

முட்டத்தில் முதல் கத்தரி காற்றினுடையது.
நான் இரண்டாவது.
ரிசார்ட்டில் சம்பளம் எனக்கு மட்டும்.

சவுக்கை வெட்டி யானையாக்கி மூன்று வருஷம்.
கடலைப் பார்த்த பக்கம்
காது கருகி, விலா ஒட்டி,
காய்ச்சலில் கிடந்து எழுந்த உருப்படி.
கிழக்கே சுற்றி வந்து பார்த்தால்
கோயிலில் நடையிருத்தலாம், அப்படியொரு கொழுப்பு.

ஜெப்ரின் நூல் பிடித்து அளந்தான்.
"தாசையன் அண்ணாச்சி,
ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வரணும் கேட்டியளா,
சனிக்கிழமை கல்யாண போட்டோ."

ஏணியைச் சாய்த்தேன்.
எண்ணெய் விட்டு நாலு நாள் ஆகவில்லை,
கத்தரி வாயில் துரு.
மெலிந்ததை வளர்க்க என்னால் ஆகாது,
கொழுத்ததை நறுக்கி அதற்கு ஒப்பாக்கலாம்.
பாகப்பத்திரத்தில் என் அண்ணன் செய்த கணக்கும்
இதுதான்.

முதுகு முடிந்தது. வால் முடிந்தது.
வயிற்றில் கை வைத்தபோது
உள்ளே ஏதோ சூடாக நெளிந்தது.
கொண்டைக்குருவிக் கூடு,
மூன்று சிவந்த வாய்.
பின்னே, எந்தப் பக்கம் கட்டும்?
மேல்காற்று அதுக்கும் தெரியுமே.

சாயங்காலம் ஜெப்ரின் வந்தான்.
"வயிறு என்ன இப்படித் தள்ளி நிக்கு?"
"சினை."
நூலைச் சுருட்டிக்கொண்டே
"எப்ப ஈனும்?" என்றான், சிரிக்காமல்.
"பத்து நாளாகும்."

சனிக்கிழமை பெண்ணையும் மாப்பிள்ளையையும்
மெலிந்த பக்கம் நிறுத்தினார்கள்.
இரண்டாவது போட்டோவுக்கு முன்னே
காற்று அவள் தலையிலிருந்த நெட்டைப் பிடுங்கி
யானையின் கருகிய காதில் மாட்டியது.

ஏணி கேட்டு ஆள் வந்தது.
மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.