சமக்குறி

தார்த்து நகருக்கு மேற்கே, ஆல்டர் மரங்கள்
கணுக்கால் நீரில் நிற்கும் சதுப்பிலிருந்து
ஒரு வாளி மண்.
சல்லடையில் அலசி, புனலில் துணிவிரித்து
ஓரிரவு ஊறப்போட்டால்
காலையில் ரப்பர் குழாயின் அடியில்
தண்ணீரே நெளிவதுபோல் இருக்கும்.

அதில் பாதிக்குமேல் சாதுக்கள்.
பாக்டீரியாவை உறிஞ்சிப் பிழைப்பவை.
நான் தேடுவது மோனான்கஸ்.

குழாய்க்குள் ஒரு குழாய், அவ்வளவுதான் உடம்பு.
கண் இல்லை. நுரையீரல் இல்லை.
இதயம் இருந்திருக்கவேண்டிய இடத்தையும்
குடல் எடுத்துக்கொண்டது.
தலையின் இருபுறமும் கிண்ணம்போல் இரு குழிகள்,
இருட்டை முகர்ந்து பார்க்க.
வாய் மட்டும் பீப்பாய்.
பீப்பாயின் முதுகுச் சுவரில்
முன்னோக்கிச் சாய்ந்த ஒற்றைப் பல்.

உடல் கண்ணாடி என்பதால் எதையும் மறைக்க முடியாது அதற்கு.
ஒருமுறை குடலுக்குள் முழுசாய் ஒரு புழு கிடந்தது,
அதன் வாயிலும் அதே பல்.
சொந்தக்காரர்.

வால்நுனியில் ஒரு துளை,
உள்ளே மூன்று சுரப்பிகள், கொஞ்சம் பசை:
மணல்துகளைப் பிடித்துக்கொண்டு
உலகம் வழிந்தோடும்போது நிற்பதற்கு.

முப்பத்தொரு பெண்கள் கிடைத்தன.
ஆண் ஒன்றுகூட இல்லை.
அதனால் எந்த வேலையும் நின்றதாகத் தெரியவில்லை.

நீளத்தை அகலத்தால் வகுத்தேன்,
தொண்டையால் வகுத்தேன், வாலால் வகுத்தேன்.
மூன்று வாரம் வகுத்தேன்.
பிறகு அலமாரியிலிருந்து ஹெல்துரின் ஸ்லைடை எடுத்தேன்.

1974. அதே சதுப்பு. ஒரே ஒரு பெண்.
வழக்கத்தைவிட அகன்ற வாய், அரிவாளாய் மடிந்த வால்.
புது இனம் என்று எழுதினார்.
அன்று சேற்றில் புதைந்த ஜீப்பை
டிராக்டர் கட்டி இழுத்துவிட்ட ஸால்மேயின் பெயரை
லத்தீன் விகுதி ஒட்டிச் சூட்டினார்.

மூடுகண்ணாடியை மூன்று கண்ணாடி இழைகள் தாங்கவேண்டும்,
புழு நசுங்காமலிருக்க.
ஒன்று நழுவி ஓரத்துக்குப் போயிருந்தது.
அந்த அகலம் கண்ணாடியின் பாரம்.
அந்த மடிப்பும் அதுவே.
ஐம்பது ஆண்டுகளாக ஒரு புழு
தான் யாரென்று மாற்றிச் சொல்லிக்கொண்டு
கிளிசரினில் கிடந்திருக்கிறது.

வியாழக்கிழமை வந்தார்.
பிளாஸ்க், கோட்டுப் பையில் கம்பு ரொட்டி.
நான் எதுவும் சொல்லவில்லை. ஸ்லைடை வைத்து
நாற்காலியை நகர்த்தினேன்.
வெகுநேரம் குனிந்திருந்தார்.
பிறகு என் அட்டவணையை எடுத்து
பென்சிலால் வரிவரியாக இறங்கினார்.

"பதினேழாவது. வால் நூற்று எண்பத்தேழா?
இருக்காது."

அளந்தேன். நூற்று எழுபத்தெட்டு.
இலக்கங்களை இடம் மாற்றியிருந்தேன்.
திருத்தினேன்; முடிவு மாறவில்லை.
இருவருக்கும் அது தெரியும்.

"ஸால்மேக்கு அந்தக் கட்டுரையைத் தபாலில் அனுப்பினேன்"
என்றார் பிளாஸ்க் மூடியில் ஊற்றியபடி.
"உருளைக்கிழங்கைத் தின்னுமா என்று ஒரே வரியில் கேட்டு எழுதினாள்.
தின்கிறவற்றைத் தின்னும் என்று பதில் போட்டேன்.
சரி, அப்படியானால் என் பெயர் இருக்கட்டும் என்றாள்."

விதிப்படி எதையும் அழிப்பதில்லை நாங்கள்.
மூத்த பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில்,
ஆண்டோடு, முன்னால் ஒரு சமக்குறியோடு
அது உட்கார்ந்திருக்கும்.
இனி இந்தப் பேரினத்தில்
வேறெந்தப் புழுவுக்கும் ஸால்மே என்று பெயர் வைக்க முடியாது.
ஆள் இல்லாத நாற்காலி,
ஆனால் யாரும் உட்காரக் கூடாது.

இரண்டு சிறு கோடுகள். தட்டெழுத எவ்வளவு நேரம் ஆகும்?
ஜன்னலுக்கு வெளியே எமாயோகி ஆறு
பனித்தட்டுகளை ஒன்றன்மேலொன்றாய் ஏற்றிக்கொண்டு போனது.
தட்டினேன்.

கோட்டை மாட்டிக்கொண்டே கதவருகில் நின்றார்.
"உருளைக்கிழங்குக்கு
இப்போதும் நல்லதுதானே?"

நல்லதுதான் என்றேன்.