இடம் வலம்

பிர்ச் பலகை. நான்கு மூலையும் நானே இழைத்துப் பூட்டியது.
ஒரு மூலை மட்டும் சற்று வாய் பிளந்திருக்கும்,
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

மூடிக்கு ஊடோவின் முகம்.
கேர்ட்லா நூலகத்தில் அச்செடுத்தேன்,
தாளுக்கு இருபது சென்ட்.
நூலகப் பெண் எட்டிப் பார்த்து,
"அடடே, படகுத்துறைக் கிழவர்" என்றாள்.
கிழவர் என்றதை அவரிடம் சொல்லவில்லை.

பசை தடவி, மரத்தைப் பார்க்க முகத்தைக் கவிழ்த்து,
வங்கி அட்டையால் குமிழிகளை ஓரத்துக்கு ஓட்டினேன்.
தீவுக் குளிரில் பசை காய நேரமாகும்.
ராத்திரி முழுக்க மேலே
உருளைக்கிழங்கு மூட்டை.

காலையில் ஈரப் பஞ்சு.
விரல் நுனியால் தேய்க்கத் தேய்க்க,
சவுனாவில் முதுகு தேய்த்தால் வருமே,
அதுபோலத் தாள் திரிதிரியாய் உருண்டு வந்தது.
முதலில் ஒரு காது. பிறகு தொப்பியின் விளிம்பு.
அச்சில் வெள்ளைக்கு மை கிடையாது,
வெள்ளையெல்லாம் மரம்.
தாடி முழுக்க பிர்ச்சின் ரேகை ஓடியது,
பல்லிலும்.

அப்போதுதான் தொப்பியின் எழுத்துகளைப் பார்த்தேன்.
கப்பலின் பெயர் வால் முதலாய் நின்றது.
தூண்டில் முள் கிழித்த தழும்பு
வலக் கன்னத்துக்குக் குடிபோயிருந்தது.
படத்தைப் புரட்டி அச்செடுக்க வேண்டும் என்று
பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.
ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

உப்புத்தாளைத் தேடிக்கொண்டிருக்கையில்
மீன்வாளியோடு உள்ளே வந்துவிட்டார்.
ஒளிக்க வழியில்லை.
ஈரக் கையால் மூடினால் மூக்கு போய்விடும்.

தன் படம் எதையும் பொறுக்காத மனிதர்.
கடவுச்சீட்டில் இருப்பவனைப் போலீஸ் தேடுகிறது என்பார்.
கல்யாணப் படத்தையே ஆணியிலிருந்து இறக்கியவர்.
குனிந்தார். நெற்றியில் கிடந்த கண்ணாடியை
மூக்குக்குக் கொண்டுவந்தார்.
வாளி இன்னும் கையில், சொட்டிக்கொண்டு.

"இதுதான்" என்றார்.
"இத்தனை வருடத்தில் இது ஒன்றுதான்
என்னைப்போல இருக்கிறது."

குளியலறைக் கண்ணாடியில்
தினமும் அவர் சந்திக்கிற ஆள்.
அவனோடுதான் அவருக்குப் பழக்கம்.
முப்பத்தொரு வருடம் பக்கத்தில் படுத்தும்
எனக்கு இன்றுதான் அறிமுகம்.

மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன்.
தூண்டில் முட்கள், ஈயக் குண்டுகள்,
எந்தப் பூட்டுக்கென்று தெரியாத ஒரு சாவி
எல்லாம் இப்போது அந்தப் பெட்டியில்.

அவர் கடலுக்குப் போன காலைகளில்
காப்பியோடு அவன் எதிரே உட்காருகிறேன்.
தழும்பு அந்தப் பக்கம் எப்படி வந்தது என்று கேட்டால்
பல்லெல்லாம் மரமாய்ச் சிரிக்கிறான்.