கோ

கணக்குத் தாளில் விடைகளைவிட
முடிகள் அதிகம் இருந்தன.
அண்ணாநகர்ப் பள்ளியில் மிஸ் ஒன்றை
இரண்டு விரலால் தூக்கி
அம்மாவிடம் காட்டினார்,
குழம்பில் கிடந்ததைப் போல.

அன்றிரவு விளக்கெண்ணெய்.
அடுத்த வாரம் வேப்பெண்ணெய்.
அழகர்கோயிலில் முடி இறக்குவதாக
அம்மா நேர்ந்துகொண்டாள்.
"இறக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா
லோடு ஆட்டோவைத் துடைத்தபடி.
சிரிக்கத்தான் சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை.

வலிக்கவே வலிக்காது, அதுதான் விஷயம்.
ஒரு முடி, வேரில் சின்ன வெள்ளைக் குமிழ்,
அது வந்துவிட்டால்
ஒரு நிமிஷம் எல்லாம் சும்மா இருக்கும்.
பிறகு அடுத்தது.
உச்சியில் ஐந்து ரூபாய்க் காசளவு இடம்.
பொங்கலுக்குள் அப்பளம் அளவு.

ஒத்தக்கடைப் பள்ளியின் தலைமையாசிரியை
டிசியைப் படித்தார், மடித்தார்,
"பஸ்ஸா, சைக்கிளா?" என்று கேட்டார்.
அவ்வளவுதான்.
இரட்டைச் சடை கட்டாயம் என்று
அவர் தலைக்கு மேலே சுவரில் எழுதியிருந்தது.
என் ஸ்கார்ஃபைப் பார்த்தார்.
"ரிப்பனைக் கையில கட்டிக்க."

வலது மணிக்கட்டில் பச்சை ரிப்பன்.
கை தலைக்குப் போகும்போதெல்லாம்
கண்ணோரம் ஆடும்,
பஸ் ஸ்டாண்டில் யாரோ கையசைப்பது போல.

"அவளுக்கு மட்டும் ஏன் டீச்சர்?"
நியாயமான கேள்வி. கேட்டது அழகுமீனா.
"அவளுக்குச் சடை கையில வளருது.
நீ ஏழாவது கணக்கைப் போடு."

மூன்றாவது பெஞ்சில் ரஜபுநிஷா.
இரண்டு நாள் சும்மா பார்த்தாள்.
மூன்றாம் நாள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கோடு போட ஆரம்பித்தாள்.
நான் ஒன்று பிடுங்கினால் அவள் ஒரு கோடு.
திட்டவில்லை. கையைத் தட்டிவிடவில்லை.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
திங்கள் நாற்பத்தொன்று.
செவ்வாய் முப்பத்தெட்டு.
"வேவு பாக்குறியா?"
"ஸ்கோர் எழுதுறேன்.
யாருக்கு எதிரா ஆடுறேன்னு நீதான் சொல்லணும்."

எனக்குத் தெரியவில்லை.
இன்றும்.

ஜன்னலில் யானைமலை.
படுத்திருக்கும் யானை என்பார்கள்.
நான் பார்த்ததெல்லாம்
அவ்வளவு பெரிய தலை,
ஒரு புல்லும் கிடையாது,
அதன் முன்னால் நின்றுதான்
ஊரே போட்டோ எடுத்துக்கொள்கிறது.

ஒரு வியாழக்கிழமை கோகோவுக்கு ஆள் குறைந்தது.
குருவம்மாள் டீச்சர் என்னை
ஐந்தாவதாக உட்கார வைத்தார், கிழக்கே பார்த்து.
பக்கத்தில் இருப்பவள் மேற்கே பார்த்து.
குத்தவைத்து, இரண்டு கையும் மண்ணில்.
முதுகுக்குப் பின்னால் ஓடும் கால்கள்.
யாரோ வரப்போகிறார்கள்,
எப்போது என்று தெரியாது.
என் முதுகை யாராவது தொட்டு
எத்தனை மாதம்.

"கோ!"

அழகுமீனாவின் உள்ளங்கை, மண்ணும் வேர்வையுமாக.
ஓடினேன்.
கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது
ஸ்கார்ஃப் போய்விட்டது.
தலையில் நேரடியாகக் காற்று.
மொத்த மைதானமும் பார்த்தது,
பார்த்தபடியே கத்தியது:
"புடிடீ! புடிடீ அவள!"
எவளை என்று ஒரு நொடி குழம்பினேன்.
முன்னால் ஓடிக்கொண்டிருந்தவளைத்தான்.

பிடிக்கவில்லை. தப்பித்துவிட்டாள்.
அதற்குத்தான் திட்டினார்கள்,
மைதானத்தில், குழாயடியில், பஸ் ஏறிய பிறகும்,
கை எட்டுற தூரத்துல விட்டுட்டியேடி என்று.
அப்படி ஒரு திட்டை
நான் அதுவரை வாங்கியதில்லை.

ஸ்கார்ஃபை யார் எடுத்தார்கள், தெரியாது.
மறுநாள் பெஞ்சில் மடித்து இருந்தது,
சுண்ணாம்புக் கோட்டின் வெள்ளையோடு.

இப்போது இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது.
எந்த எண்ணெய்க்கும் படியாமல் நிற்கிறது.
கணக்குப் பரீட்சை அன்று
ரஜபு வேறு ஹாலில்.
வெளியே வந்ததும் நானே சொன்னேன்,
"பதினொண்ணு."
கடைசிப் பக்கம் எப்போதோ தீர்ந்திருந்தது.
அட்டையில் எழுதினாள்,
இரண்டு கட்டு, தனியாக ஒன்று.
அந்த ஒன்று மட்டும் கோணல்.
பஸ் வந்துவிட்டது.