பதில் வந்தால் குற்றவாளி

பீடோருக்கு வெளியே, செம்பனை ஆலையின்
நிறுவை அறைக்குப் பின்னால்
பழைய உரக் கிடங்கில்தான்
எங்கள் மின்னஞ்சல் சர்வர் இருக்கிறது.
கதவைத் திறந்தால் இன்னும் யூரியா வாடை.

பிப்ரவரியில் ஒரே வாரத்தில்
நாலாயிரத்துச் சொச்சம் குப்பைக் கடிதங்கள்.
வராத பார்சலுக்கு வரி,
முடி வளர எண்ணெய்,
கிராணி ஆரோக்கியதாஸுக்கு மட்டும்
தினம் ஒரு ரஷ்ய மணமகள்.
அவர் ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

மேலாளர் கோக் சொன்னார், நிறுத்து.
நிறுத்தினேன்.

கடிதம் வாசலில் நிற்கும்போதே
அது வந்த டொமைன் பெயரை எடுத்து
கடல் தாண்டி இருக்கும் ஒரு பட்டியலிடம்
கேட்க வேண்டும்:
இந்தப் பெயர் உன்னிடம் இருக்கிறதா?
பதில் வந்தால்
வாசலிலேயே திருப்பு. ஐந்நூற்று ஐம்பது.
"அப்படி ஒரு பெயரே இல்லை" என்றால்
உள்ளே விடு.

அப்படி ஒரு பெயரே இல்லை.
தாப்பா பதிவிலாகாவில்
இதே வாக்கியத்தை
பிரேமாவதிக்கு மூன்று முறை சொன்னார்கள்,
மூன்று வெவ்வேறு கவுண்டர்களில்.
ஏழாம் நம்பர் தோட்டத்தில் பிறந்தவள்.
எந்த ஏட்டிலும் பிறக்காதவள்.
அங்கே கதவை மூடிய சொல்
இங்கே திறக்கிறது.
இதை யாரிடமும் சொல்லவில்லை நான்.
கோப்பில் ஒரு வரி கூட்டிச் சேமித்துவிட்டு
தே தாரிக் குடிக்கப் போனேன்.

மூன்று வாரம் நிம்மதி.
ஆரோக்கியதாஸ் முகம் மட்டும் வாடியிருந்தது.

பிறகொரு செவ்வாய், இடி விழுந்து
ரவுட்டர் போனது.
புதிதாக மாட்டிய ரவுட்டர்
பெயர் கேட்கும் வழியைத் தானே மாற்றிக்கொண்டது.
உலகத்துக்கே பொதுவான பெரிய தரகன் ஒருவன் வழியாக
என் கேள்விகள் போகத் தொடங்கின.
பட்டியல்காரர்களுக்குத் தரகன் ஆகாது.
எந்தப் பெயரைக் கேட்டாலும்
ஒரே எண்ணைத் திருப்பி அனுப்பினார்கள்.
நூற்று இருபத்தேழில் தொடங்கி
இருநூற்று ஐம்பத்து நாலில் முடியும் எண்.
பொருள்: நீயே நேரில் வந்து கேள்.

என் சர்வருக்குப் பொருள் தெரியாது.
பதில் வந்ததா, வந்தது.
அப்படியானால் குற்றவாளி.
நான்தான் அப்படி எழுதி வைத்திருந்தேன்.

புதன்கிழமை கோக் என் முதுகைத் தட்டினார்:
"இன்றைக்கு ஒரு குப்பைகூட இல்லையே!"

வியாழன் மாலைதான் பதிவேட்டைத் திறந்தேன்.
அறுநூற்றுப் பதினொரு மறுப்புகள்.
வங்கி. லோரிக் கம்பெனி. கொதிகலன் பரிசோதகர்.
நடுவில், ஈப்போவிலிருந்து,
கிராணியின் முகவரிக்கு,
பிரேமாவதியின் வழக்கறிஞர்.
மூன்று முறை.

சரிசெய்ய இருபது நிமிடம் ஆனது.
இன்ன எண் வந்தால் மட்டும் திருப்பு,
வேறெது வந்தாலும் விட்டுவிடு,
இனி தரகன் வேண்டாம்.
பிறகு ஈப்போவுக்குப் போன் போட்டேன்.

குலைகள் இறங்கும் மேடையில் நின்றிருந்தாள்,
கையில் கொக்கி.
ஒவ்வொரு குலையாகப் புரட்டி
எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறதென்று பார்ப்பாள்.
உதிராதது காய், லோரிக்கே திரும்பும்.
"கடுதாசிய யாரு திருப்புனது?"
இடி என்றிருக்கலாம். ரவுட்டர் என்றிருக்கலாம்.
"நான்தான்" என்றேன்.
கொதிகலன் ஊதிய ஊதலில்
கேட்டதோ என்னவோ.

"விசாரணை எப்ப?"
"இருபத்தாறு."
"இன்னைக்கு?"
"பதினெட்டு."
"அப்ப நாள் இருக்கே."
அடுத்த குலையில் கொக்கியைப் போட்டாள்.

கிடங்குக்குத் திரும்பி
எது வந்தாலும் உள்ளே விடு என்ற பட்டியலில்
முதல் பெயராக அந்த வழக்கறிஞரை எழுதினேன்.
எழுதிக்கொண்டிருக்கும்போதே
புது விதியின் இடுக்கில் நுழைந்து
ஒரு ரஷ்ய மணமகள்
ஆரோக்கியதாஸைத் தேடி வந்தாள்.
விட்டுவிட்டேன்.