ஏழு புள்ளி எட்டு

தவநேசன்,
நீ அனுப்பிய விதித்தாள் வந்தது. பதினொரு பக்கம்.
ஆணியும் நட்டும் வாசரும் விற்கிறவளிடம்
ரிவோல்வருக்கு அளவு கேட்கும் ஒருவன்
கல்கரியில் இருப்பது
இந்த உட்துறைமுக வீதிக்குத் தெரியாது.
அட்டைப்பெட்டி தின்ன வந்த மான் மட்டும்
வாசலில் நின்று
நான் உரக்க வாசித்ததைக் கேட்டது.

மாடு மேய்க்காத கவ்போய்களே!
முப்பத்திரண்டுக்குக் கீழே கூடாதாம்,
நாற்பத்தைந்துக்கு மேலே கூடாதாம்.
ஈயக்குண்டு மட்டும். செம்புச் சட்டை போட்டது ஆகாது.
ஆறு அறையில் ஐந்தையே நிரப்பி
சுத்தியல் வெற்றறை மேல் படுக்க வேண்டும்.
நல்ல விதி. யாரோ ஒருவன்
தன் காலையே சுட்டபிறகு எழுதியிருப்பான்.

முப்பத்தெட்டை எடு.
பெயரில்தான் முப்பத்தெட்டு, அளந்தால் முப்பத்தாறே வராது,
நான் விற்கும் அரை அங்குலக் குழாய் போல:
உள்ளேயும் அரை இல்லை, வெளியேயும் அரை இல்லை.
உதை குறைவு. விலையும் குறைவு.
உனக்கு வலது மணிக்கட்டு வேறு சரியில்லை.
நாற்பத்தைந்தின் புகை அழகு என்று எழுதியிருந்தாய்.
நேரம் பிடிக்கிறவன் புகைக்குப் புள்ளி போடமாட்டான்.

போட்டிக்கு வேறு பெயர் ஒன்று வேண்டுமாம்.
கட்டாயமாம்.
அந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை.
நம் வகுப்பில் வேறு பெயர் வைத்துக்கொண்ட நாலு பேர்
பழைய பெயருக்குத் திரும்பவே இல்லை.
நீ 'ஏழு கிணற்றான்' என்று வை.
கன்னியாவை அங்கே யாருக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல மறந்தேன்.
கடையின் இடப்பக்க இரும்புக் கதவை நான் திறப்பதில்லை.
அதில், என் தோள் உயரத்தில், ஒரு துளை.
எந்த ஆண்டு, யாருடையது என்று கேளாதே.
நாலு மணி வெயில் அதன் வழியே வந்து
மூன்றங்குல ஆணிப் பெட்டியில் விழும்.
இத்தனை வருசம் அளக்கத் தோன்றவில்லை.
உன் தாளை ஒரு கையில் பிடித்தபடி
இன்றைக்கு வேர்னியரை நுழைத்தேன்.
துரு தின்றதையும் சேர்த்து
ஏழு புள்ளி எட்டு மில்லிமீற்றர்.

உங்கள் கீழெல்லை எட்டு புள்ளி ஒன்று.
கணக்கை இரண்டு தடவை போட்டேன்.
செல்லாது, தவநேசன்.
போட்டிக்கு ஆகாத அளவு.

ஆள் வந்துவிட்டது. கால் அங்குல போல்ட் பன்னிரண்டு,
வாசரோடு.
மான் இன்னும் போகவில்லை.