முப்பத்தோராம் கட்டம்

டொலீடோவில் அக்டோபரின் கடைசி வெதுவெதுப்பான இரவு.
நாளைக்குக் குளிர் இறங்கிவிட்டால் பூச்சு பிடிக்காது.
நோவிட்ஸ்கி மரச்சாமான் கடை வாசலில்
நாற்பத்தெட்டு கார் நிற்கும் தார்த்தரை;
தண்ணீர் இறங்கி, உறைந்து, உப்பி
உள்ளிருந்தே உடைத்த பள்ளம் மூன்று.

இக்னாசியோ காற்றூதியால் புல்லையும் மண்ணையும் விரட்ட
பின்னாலேயே நான் கொதிதாரை ஊற்றிக்கொண்டு போனேன்.
விரிசல் நேராகப் போகாது.
அதோடு வாதாடக் கூடாது.

முப்பத்தோராம் கட்டத்தில் ஒரு பழைய பியூக்.
கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்திருந்தது.
பின் இருக்கையில் கம்பளி,
கம்பளிக்கு வெளியே
செவிலியர் போடும் வெள்ளைச் செருப்போடு
ஒரு கால்.

நிற்கும் வண்டியை இழுத்துப் போகச் சொல்லவேண்டும்:
ஒப்பந்தம், ஏழாம் பக்கம்.
இக்னாசியோ என்னைப் பார்த்தான்.
காற்றூதியை அணைத்தான்.

மீதியைத் துடைப்பத்தால் பெருக்கினோம்.
காரைச் சுற்றி நாடா ஒட்டி
சாலை வரை ஒரு பாதையும் விட்டு
மற்ற இடமெல்லாம் கருப்பை இழுத்து முடித்தபோது
மணி நாலரை.

"இதென்ன, வால் முளைத்த பெட்டி?"
நோவிட்ஸ்கி கேட்டார்.
பூச்சு தீர்ந்துவிட்டது என்றேன்.
நூற்றெண்பது டாலர் பிடித்துக்கொண்டார்.
நியாயம்தான்.

முதல் பனி விழுந்த காலை
வேறு வேலைக்காக அந்த வழியே போனேன்.
தரை முழுக்க வெள்ளை.
முப்பத்தொன்றில் மட்டும்
ஒரு கார் நீளத்துக்குப் பனி படாத சாம்பல்,
அங்கிருந்து சாலை வரை
இரண்டு சக்கரத் தடம்.